பகிடிவதையைப் பொறுத்துப் போவதா?

கேள்வி: மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். சீனியர்மாரின் பகிடிவதையைச் சமாளித்துக்கொள் என்று சொல்லவா?
– ஒரு தாய், தெஹிவளை

பதில்: சொல்லாதீர்கள், அம்மா. 1997இல் அதே பேராதனையில் பொறியியல் மாணவர் வரப்பிரகாஷ் கொடிய பகிடிவதைக்குப் பின் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். மறுவருடமே 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது: பகிடிவதைக்கு 2 வருடம் வரை கடூழியச் சிறை, பாலியல் துன்புறுத்தல் என்றால் 10 வருடம் வரை. அப்படியும் வதை நிற்கவில்லை. பிள்ளைகள் வாய் திறக்காததே அதற்குப் பெரிய பலம்.

இரவில் வாட்ஸ்அப்பில் மிரட்டல் வந்தால் அதை மகள் அழிக்கக்கூடாது. திகதி தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுத்து உங்களுக்கும் அனுப்பட்டும். மாணவர் ஆலோசகரிடம் முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்துப் பிரதியை வைத்திருங்கள். இழுத்தடித்தால், கொழும்பு வார்ட் பிளேஸில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு நீங்களே போகலாம். கை வைத்தார்களென்றால் நேரே பொலிஸ்தான்.