தொடக்க ஏற்றி உறையும் இடம்

தோற்றுவாய்

உறங்குகின்றவரை எழுப்ப வேண்டுமானால் வேறொருவர் விழித்திருக்க வேண்டும். கணிப்பொறியின் நிலையும் இதுவே. மின்சாரம் நின்றவுடன் அதன் ரேம் நினைவகம் வெறுமையாகிவிடுகிறது. மீண்டும் பொத்தானை அழுத்தும்போது விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயக்க முறைமை வட்டில்தான் கிடக்கிறது. அதனை நினைவகத்திற்குக் கொண்டுவரும் சிறு நிரலையே பூட் லோடர் என்பர். தமிழில் தொடக்க ஏற்றி எனலாம். இந்த ஏற்றி நினைவகத்தில் எங்கே உறைய வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு நிபந்தனைகள்

ஏற்றியின் இடத்தை இரண்டு நிபந்தனைகள் தீர்மானிக்கின்றன. ஒன்று, அழைப்பவர் தேடும் இடத்தில் அது இருக்க வேண்டும். மற்றொன்று, தான் ஏற்றப்போகும் நிரலின் இடத்தை அது அடைத்துக்கொள்ளக் கூடாது. கல்யாண வீட்டில் ஜமுக்காளம் விரிப்பவர் நடுக்கூடத்தில் நின்றுகொண்டு விரிக்க இயலுமா? சுவரோரம் ஒதுங்கி நின்றல்லவா விரிக்க வேண்டும்! ஆனால் அவர் கூப்பிட்ட குரலுக்கு எட்டும் தொலைவிலும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படும்போதுதான் சிக்கல் எழுகிறது.

பழைய பொறிகள் காட்டும் பாடம்

இன்டெல் 8080, 8085 ஆகிய செயலிகள் விழித்தவுடன் முகவரி 0இல் உள்ள கட்டளையையே முதலில் படிக்கும். ஆகவே அழியா நினைவகமான ராம் சில்லு (ஆர்.ஓ.எம்.) அங்கேயே அமைய வேண்டியதாயிற்று. ஆனால் அக்காலத்தில் பரவலாக வழங்கிய சி.பி.எம். இயக்க முறைமையோ முதல் 256 பைட்டுகளைத் தனக்கென வைத்துக்கொண்டு, அதற்கு மேல் பயனர் நிரல்களை ஏற்றியது. இருவரும் ஒரே திண்ணைக்குப் போட்டியிட்டனர். பொறியமைப்பாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். விழிக்கும் கணத்தில் மட்டும் அழியா நினைவகம் 0இல் தோன்றும். வேலை முடிந்ததும் அது மறைக்கப்பட, அவ்விடத்தில் ரேம் வெளிப்படும்.

8086 வகைச் செயலிகள் வேறு வழியைக் கைக்கொண்டன. அவை 1 மெகாபைட் முகவரி வெளியின் உச்சிக்கு 16 பைட் கீழே உள்ள முகவரியில் விழிக்கின்றன. எனவே அழியா நினைவகம் உச்சியில் அமைந்தது. கீழ்ப்பகுதி ரேமுக்கு விடப்பட்டது.

31,744 என்னும் எண்

1981இல் வெளிவந்த ஐ.பி.எம். பெர்சனல் கம்ப்யூட்டரில், பயாஸ் என்னும் நிரல் வட்டின் முதற் பிரிவாகிய 512 பைட்டுகளைப் படித்து, முகவரி 31,744இல் வைக்கிறது. நூல்களில் இது பதினறும எண்ணாக 7சி00 என்று காணப்படும். ஏன் இந்த விந்தையான எண்? 32 கிலோபைட் என்பது 32,768 பைட். அதிலிருந்து 1,024ஐக் கழித்தால் 31,744 கிடைக்கும். நினைவகத்தின் அடியில் முதல் 1,024 பைட்டுகள் குறுக்கீட்டு அட்டவணைக்கும், அதையடுத்த 256 பைட்டுகள் பயாஸின் குறிப்புகளுக்கும் உரியவை. ஆகவே 32 கிலோபைட் மட்டுமே உள்ள பொறியில் ஏற்றி மேல் விளிம்பிற்கு ஒதுங்கியது. அதற்கு 512 பைட், அதன் தற்காலிகத் தேவைகளுக்கு 512 பைட். இடைப்பட்ட பெருவெளி முழுவதும் இயக்க முறைமைக்கு!

இன்னொரு நயமும் இதில் உண்டு. வன்வட்டில் முதற்பிரிவு ஏற்றி ஒன்று. தெரிவுசெய்த பகுதியின் ஏற்றி மற்றொன்று. இரண்டுமே 31,744இல் இருந்து ஓடவே எழுதப்பட்டவை. ஆகவே முதலாவது, தன்னைத்தானே வேறோர் இடத்திற்குப் படியெடுத்துக்கொண்டு (பெரும்பாலும் 1,536ஆம் முகவரிக்கு), காலியான இருக்கையில் இரண்டாவதை அமர்த்துகிறது. வந்தவருக்கு எழுந்து இடம் கொடுக்கும் பண்பு இயந்திரத்திற்கும் தேவைப்படுகிறது!

வீட்டில் கண்ட உண்மை

இவற்றையெல்லாம் அறிவதால் என்ன பயன் என்று சிலர் வினவக்கூடும். தமிழக அரசு 2011இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. என் அக்காள் பெற்ற மடிக்கணினியும் அத்தகையது. ஒருமுறை விண்டோஸைப் புதிதாக நிறுவியபின் லினக்ஸ் காணாமற்போயிற்று. அதில்தான் அவளுடைய ஆய்வேட்டுக் குறிப்புகள் இருந்தன. “எல்லாம் போய்விட்டது, வட்டை முழுவதும் அழித்துத்தான் ஆகவேண்டும்” என்றார் பழுதுபார்த்தவர். மயிலாடும்பாறைக்குப் பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் அக்காள் ஒரு வார்த்தை பேசவில்லை.

உண்மையில் போனது எது? வட்டின் முதற்பிரிவில் 446 பைட்டுகள் ஏற்றிக்கும், 64 பைட்டுகள் பகுதி அட்டவணைக்கும், 2 பைட்டுகள் அடையாளத்திற்கும் உரியவை. விண்டோஸ் தன் ஏற்றியை அந்த 446 பைட்டுகளின் மேல் எழுதிவிட்டது, அவ்வளவே. மறுவாரம் ஆசிரியர் ஒருவர் பென்டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கி, ஏற்றியை மட்டும் மீண்டும் எழுதினார். குறிப்புகள் ஓரெழுத்தும் குறையாமல் கிடைத்தன. வாசல் அடைபட்டதைக் கண்டு வீடே இடிந்தது என்று எண்ணுதல் எத்துணைப் பேதைமை!

இன்றைய நிலை

யூ.இ.எஃப்.ஐ. முறையைப் பின்பற்றும் இன்றைய கணிப்பொறிகளில் ஏற்றி ஒரு கோப்பாகவே வட்டில் இருக்கிறது. நினைவகத்தில் எங்கே இடம் காலியோ அங்கே அது வைக்கப்படும். நம் மாநிலத்திலேயே சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய சக்தி செயலி 2018இல் லினக்ஸை ஏற்றி இயக்கிக் காட்டியது. அது ரிஸ்க்-ஃபைவ் வகையைச் சார்ந்தது. அவ்வகையில் விழிக்கும் முகவரியை வடிவமைப்பவரே முடிவு செய்யலாம். முகவரி வெளி மிகப் பெரிதாதலால், அழியா நினைவகத்தையும் ரேமையும் வெகுதொலைவில் பிரித்து வைக்க முடிகிறது. பழைய திண்ணைச் சண்டைக்கு அங்கே இடமில்லை.

முடிவுரை

ஆகவே, ஏற்றிக்கு உரிய இடம் இன்ன எண்தான் என்று எல்லாப் பொறிகளுக்கும் பொதுவாக வரையறுக்க இயலாது. செயலி தேடும் இடத்தில் தொடங்கி, வரப்போகும் நிரலுக்கு வழிவிட்டு ஒதுங்குவதே அதன் இலக்கணம். நண்பர்களே, உங்கள் கணிப்பொறி ஒருநாள் விழிக்க மறுத்தால், வட்டை அழிக்கச் சொல்பவரிடம் ஒப்படைக்குமுன் முதல் 512 பைட்டுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் உழைப்பு உள்ளே உறங்கிக்கொண்டிருக்கலாம்.