நாவலில் மனிதர்கள் உயிரோடு நடமாட...

* பெயர் வைக்கும் முன் பாத்திரத்தின் ஆசையையும் பயத்தையும் எழுதுங்கள். மாந்தோப்பை விற்கத் துடிக்கும் அண்ணன், விடமாட்டேன் என்னும் தம்பி: உறவு அங்கேதான் கதையாகிறது.

* யார் யாரிடம் எந்த மொழி பேசுகிறார் என்று பாருங்கள். ஆந்திராவின் கங்காதர நெல்லூர்ப் பக்கம் வீட்டில் தமிழும் மாங்காய் மண்டியில் தெலுங்கும் பேசுகிறவன், கோபம் வந்தால் எதற்குத் தாவுவான்?

* ஒருவரின் முடிவை மாற்றிப் பாருங்கள். ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், அந்நியன் ஒருவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பிய மகளை அம்மா ஏற்றுக்கொள்கிறாள். அவளே கூச்சலிட்டு ஊரறியச் செய்திருந்தால்? அதுதான் 1972-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல்.

* வயது, உறவுமுறை, கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றையும் தனி நோட்டில் குறித்துவையுங்கள். முதல் அத்தியாயத்து மாமா, பத்தாம் அத்தியாயத்தில் சித்தப்பா ஆகிவிடமாட்டார்!