பெரிய டயர் கேட்டு வருகிறவரிடம் என்ன சொல்வாய்?

அன்புள்ள தம்பிக்கு,

கம்பத்தில் சொந்தமாக டயர் கடை போட்டிருக்கிறாய் என்று கேட்டதில் மெத்த சந்தோஷம். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பும் தேக்கடிக்குச் சவாரி போகும் காரும் உன் வாசலில்தான் நிற்கும். அதில் பாதிப் பேர் “கொஞ்சம் பெரிய டயராப் போடு தம்பி” என்று கேட்பார்கள். வீல் நட்டில் கை வைக்கும் முன்பு அவர்களுக்கு மீட்டர் கணக்கைச் சொல்லிவிடு. இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

ஸ்பீடோமீட்டருக்குச் சாலை தெரியாது. சுற்று மட்டும்தான் தெரியும். பழைய ஜீப்பில் கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அந்த இழுப்பில் முள் நகரும். ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்ட்ஸே 1902இல் காப்புரிமை கேட்ட ஏற்பாடு அது. இப்போதைய வண்டியில் சென்சார் எண்ணுகிறது. எதுவானாலும், சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் வண்டி எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கம்பெனி முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது. நீ டயரை மாற்றினால் அந்தத் தூரம் மாறும்; மீட்டர் பழைய கணக்கிலேயே ஓடும்.

பொலிரோவை எடுத்துக்கொள். 215/75 ஆர்15 டயர். 215 மி.மீ. அகலத்தில் 75 சதவீதம் பக்கச்சுவரின் உயரம்: 161.25. மேலும் கீழும் சேர்த்து 322.5. ரிம் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. மொத்த விட்டம் 703.5. அதே ரிம்மில் 235/75 போட்டால் 733.5. நூற்றுக்கு நாலேகால் கூடிவிட்டது. முள் 80 காட்டும்போது பழைய டயரில் ஓடியதைவிட மூன்றரை கிலோமீட்டர் வேகமாக வண்டி ஓடும். 100 கிலோமீட்டர் ஓடினால் ஓடோமீட்டரில் 96தான் ஏறும். சுமையில் டயர் சற்று அமுங்கும். ஆனாலும் இந்த விகிதம் ஏறக்குறைய அப்படியே நிற்கும்.

“கம்பெனி மீட்டர் எப்பவும் கூட்டித்தான் காட்டும், பெரிய டயர் போட்டா சரியாயிடும்” என்பார்கள். முன்பாதி உண்மை. உள்ளதைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பதற்காக முள்ளைக் கொஞ்சம் கூட்டியே வைக்கிறார்கள். ஓடோமீட்டரில் பொதுவாக அந்தக் கூடுதல் இருக்காது. முள் சரியானது போலத் தெரியும்போதே கிலோமீட்டர் கணக்கு பிசகிவிடும். ஆயில் மாற்றும் நாள் தள்ளிப்போகும். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குகிறவருக்கு வருமானம் குறையும். சின்ன டயர் போட்டாலோ சவாரி வந்தவர் ஓடாத தூரத்துக்கும் காசு கொடுப்பார். தேய்மானத்தையும் மறக்காதே. 8 மி.மீ. ஆழமுள்ள புது டயர் 1.6 மி.மீ. வரை தேய்ந்தால் விட்டத்தில் 13 மி.மீ. போய்விடும், கிட்டத்தட்ட 2 சதவீதம்.

நம் ஊரில் மலைப்பாதை வேறு இருக்கிறது. டயர் பெரிதானால் ஒவ்வொரு கியரும் நாலு சதவீதம் நீளும். கம்பம் மெட்டு ஏற்றத்தில் இழுவை குறையும். போடி மெட்டிலிருந்து இரண்டாம் கியரில் இறங்கும்போது இன்ஜின் பிடிக்கும் பிடியும் குறையும். பிரேக் கூடுதலாகச் சூடாகும். ஆள் நிரம்பிய ஜீப்பில் இதைச் சின்ன விஷயமென்று நினைத்துவிடாதே.

சட்டமும் இருக்கிறது. கம்பெனி கொடுத்த அளவுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் காட்டி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வண்டிக்காரர்களிடம் இதை மறக்காமல் சொல்.

அதற்காக ரிம்மே மாற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஸ்விஃப்ட்டுக்குக் கம்பெனியே 165/80 ஆர்14, 185/65 ஆர்15 என இரண்டு அளவு தந்திருக்கிறது. விட்டம் 619.6, 621.5. ரிம் ஒரு அங்குலம் பெரிதானாலும் மொத்த விட்டத்தில் 2 மி.மீ.கூட வித்தியாசமில்லை. ரிம் கூடினால் பக்கச்சுவர் குறைய வேண்டும், அவ்வளவுதான். அந்த வண்டிக்குக் கம்பெனி அனுமதித்த அளவுகளுக்குள் நில்.

மாட்டி முடித்ததும் வண்டியை அப்படியே அனுப்பிவிடாதே. சின்னமனூர் பக்கம் சமவெளிச் சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து போனின் ஜிபிஎஸ் வேகத்தோடு முள்ளை ஒப்பிட்டுப் பார். 10 கிலோமீட்டர் கற்களை எண்ணி ஓடோமீட்டரையும் பார்த்துவிடு. பழைய அளவு, புது அளவு, எத்தனை சதவீத வித்தியாசம் என்று பில்லிலேயே எழுதிக் கொடு. கணக்கில் வித்தியாசம் பெரிதாக வந்தால் முதலிலேயே மாட்ட மாட்டேன் என்று சொல். ஒரு வியாபாரம் போனால் போகட்டும் தம்பி. அந்த முள்ளை நம்பித்தான் ஒருவர் பிள்ளைகுட்டிகளோடு மலையிறங்குகிறார்.

இப்படிக்கு,
உன் தொழிலில் மூத்த ஒரு மெக்கானிக்