கட்டைக் கணக்கு

ஆயர் தாவார் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த முதியவர்களிடம் ஓர் இடத்தின் தொலைவைக் கேட்டால், "ஏழு கட்டை இருக்கும்" என்பார்கள். அவர்கள் கட்டை என்பது மைலைத்தான்.

'ஆயிரம்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது மைல். உரோமானியர் ஆயிரம் இரட்டையடிகளை ஒரு மைலாகக் கணக்கிட்டனர். ஆங்கிலேயர் ஆட்சியில் நம் நாட்டுச் சாலையோரங்களில் மைல்கற்கள் நடப்பட்டன. நாளடைவில் கல்லின் பெயரே தொலைவின் பெயராயிற்று. மலாய்மொழியில் 'பத்து' என்றால் கல். மைலுக்கும் அதுவே சொல். தமிழ்நாட்டிலும் 'ஐந்து கல் தொலைவு' என்பதுண்டு. ஆயினும், எல்லாப் 'பத்து'வும் மைலன்று. பேராக்கின் பத்து காஜாவில் அது வெறும் கல்தான்!

1972ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்திற்குப் பின் நாடு படிப்படியாக மெட்ரிக் முறைக்கு மாறியது. சாலைப் பலகைகளில் கிலோமீட்டர் வந்தது. பூச்சோங்கின் 'பத்து 14' போன்ற இடப்பெயர்களோ அப்படியே நிலைத்துவிட்டன.

பழைய கடிதம் ஒன்றில் 'ஏழாம் கட்டை' என்றிருந்தால், அதை ஏழு கிலோமீட்டர் எனக் கொள்ளலாகாது. ஒரு மைல் ஏறத்தாழ 1.609 கிலோமீட்டர், ஏழு மைல் பதினொரு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். அத்துடன், அந்த ஏழு நாம் நிற்கும் இடத்திலிருந்து எண்ணப்பட்டதன்று. சாலைக் கணக்குத் தொடங்கிய ஊரிலிருந்து எண்ணப்பட்டது. லயத்து வீடுகள் மறைந்து செம்பனை வளர்ந்துவிட்ட நிலத்தில் தாத்தா பிறந்த தோட்டத்தைத் தேடும் பேரப்பிள்ளை, "எந்த ஊரிலிருந்து ஏழாம் கட்டை?" என்றுதான் முதலில் கேட்க வேண்டும். அதற்கு விடை சொல்லக்கூடியவர்கள் அந்த முதியவர்களே.