தனிநடையும் ஒளிப்படமும்: புதுச்சேரி தரும் பாடம்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் வாக்கு. ஒளிப்படக் கருவியோடு ஓர் ஊருக்குச் செல்வோர் இவ்வாக்கை நினைவிற்கொள்ள வேண்டும். கருவி, கண்டதைப் பதிவு செய்யும். விசாரிப்பது மனிதனின் வேலை. விசாரிக்காமல் எடுத்த படம் அழகாக இருக்கலாம். ஊரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. விசாரித்து எடுத்த படமோ பிற்காலத்தில் சான்றாக நிற்கும். இதைக் கற்க ஏற்ற கடற்கரை நகரம் புதுச்சேரி. விடுமுறையில் இரண்டு நாள் அங்கே தனியே நடக்க விரும்பும் மாணவருக்கு இக்கட்டுரை ஒரு வழிகாட்டி.

தனியே செல்வதன் பயன்

நண்பர்களோடு செல்வது இன்பந்தான். ஆயினும், ஒரு சுவரின்மேல் வெயில் இறங்கும்வரை அரைமணி நேரம் காத்திருக்க எந்த நண்பர் இசைவார்? படம் எடுப்பவனுக்குப் பொறுமையே முதல் கருவி. அப்பொறுமை தனிமையில்தான் எளிதில் வாய்க்கும்.

பிரான்சு நாட்டின் யூஜென் அட்ஜே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 1927-இல் மறையும்வரை, கனத்த கருவியையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்து பாரிசின் பழைய தெருக்களில் அவர் நடந்தார். ஓவியர்களுக்கு வேண்டிய ஆவணங்களைத் தருபவர் என்றே தம்மை அறிவித்துக்கொண்டார். அவர் படமெடுத்த பழைய கட்டடங்களுள் பல பின்னர் இடிந்தழிந்தன. படங்கள் அழியவில்லை.

நகரின் அமைப்பு

நடக்கத் தொடங்குமுன் வரைபடத்தைப் பார்த்தல் நன்று. 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் பிரெஞ்சுக் குடியேற்றத்தை இங்கு நிறுவினார். 1693-இல் டச்சுக்காரர் நகரைக் கைப்பற்றி 1699 வரை வைத்திருந்தனர். தெருக்கள் நேர்கோடுகளாக ஒன்றையொன்று வெட்டும் அமைப்பு அவர்கள் வகுத்த திட்டத்தில் தோன்றியது. 1761-இல் ஆங்கிலேயர் நகரை வென்று தரைமட்டமாக்கினர். 1765-இல் அது மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் வந்தது. எனவே, கடலோரத்தில் நாம் வியந்து நோக்கும் மாளிகைகள் பெரும்பாலும் அதற்குப் பின் எழுந்தவையே.

நகரின் நடுவே பெரிய வாய்க்கால் ஓடுகிறது. அதற்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த பகுதி. மேற்கே தமிழர் பகுதி. இருபுறத்து வீடுகளையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். கிழக்கே உயர்ந்த மதிலும் பெரிய வாயிற்கதவும் வீட்டை மறைக்கின்றன. தோட்டம் உள்ளே இருக்கிறது. மேற்கே தெருவை ஒட்டி ஓடு வேய்ந்த தாழ்வாரம், அதனுள் திண்ணை, உள்ளே முற்றம். ஒரு வீடு தெருவுக்குக் கதவடைக்கிறது. மற்றொன்று தெருவில் செல்பவனை உட்காரச் சொல்கிறது. கீழ்த்தளம் தமிழ் முறையிலும் மேல்தளம் பிரெஞ்சு முறையிலும் அமைந்த வீடுகளும் உண்டு. இரண்டு பண்பாடுகள் ஒரே சுவரில் சந்தித்த கதை அது.

ஒளியும் தெருவும்

கடல் கிழக்கே இருப்பதால், காலை வெயில் கடற்கரைச் சாலைக் கட்டடங்களின் முகத்தில் நேரே விழும். பிற்பகலில் அம்முகங்கள் நிழலில் மூழ்கும். மாலை முதல் மறுநாள் காலை வரை அச்சாலையில் வாகனங்களுக்கு அனுமதியில்லை. ஆகவே விடியற்காலை நடையே சிறந்தது. 1836-இல் ஒளியேற்றப்பட்டு 1979 வரை பணிசெய்த பழைய கலங்கரை விளக்கத்தை அவ்வேளையில் எடுக்கலாம். ஒளிப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். அவ்வறிவிப்பினும் மூத்தது அவ்விளக்கம்!

கிழக்கு மேற்காகச் செல்லும் தெருக்களில் வீடுகள் ஏறக்குறைய வடக்கையோ தெற்கையோ நோக்குகின்றன. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் தெற்கு நோக்கிய வீடுகளே நல்ல ஒளி பெறும். சித்திரை முற்பகுதி முதல் ஆவணித் தொடக்கம் வரை நண்பகற் சூரியன் இவ்வூருக்குச் சற்று வடக்கே நிற்கும். அப்போது வடக்கு நோக்கிய முகப்புகளுக்கும் ஒளி கிட்டும். ஆதலால், ஒரு வீட்டின் படம் சரியாக அமையவில்லையெனில் கருவியைக் குறை கூறவேண்டா. மாதத்தை மாற்றிச் சென்று பார்க்க வேண்டும்.

தெளிந்த வெயிலில் படச்சுருள் வேகம் 100 எனில், துளை எஃப் 16, நேரம் நொடியில் 125-இல் ஒரு பங்கு என்பது பழைய வாய்பாடு. இன்றைய எண்முறைக் கருவிக்கும் அது பொருந்தும். மணற்பரப்பின் கண்கூசும் ஒளியில் துளையை எஃப் 22 ஆகக் குறுக்கலாம். இவ்வளவும் தெரியாதவருக்குக் கைப்பேசியே போதுமானது; கால்கள் நடந்தால் சரி.

நாட்குறிப்பு தரும் பாடம்

துய்ப்ளெக்சு ஆளுநராக இருந்த காலத்தில் துபாசியாகப் பணியாற்றியவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் அவர் தமிழில் நாட்குறிப்பு எழுதிவந்தார். கப்பல் வந்ததும், சரக்கு விலையும், தர்பாரில் கேட்ட பேச்சும் நாளோடு குறிக்கப்பட்டன. 1761 சனவரியில், நகரம் வீழ்வதற்குச் சில நாள் முன்பு அவர் மறைந்தார். அவர் கண்ட நகரம் இடிக்கப்பட்டது. அவர் எழுதிய ஏடு நின்றது. நாள் குறிக்காமல் எழுதியிருந்தால் அவ்வேட்டுக்கு இத்துணை மதிப்பு ஏது?

ஒளிப்படத்திற்கும் இதுவே விதி. எந்தத் தெரு, எந்த நாள், எந்நேரம், எத்திசை நோக்கி எடுத்தது என்னும் நான்கினையும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதுக. கருவி தானே நாளைப் பதிவு செய்கிறதே என்று சிலர் கேட்கலாம். படத்தை ஒருவருக்கொருவர் அனுப்பும்போது அவ்விவரம் அழிந்துபோவதும் உண்டு. கையால் எழுதியதே துணை.

மாறும் கரை, மறையும் வீடு

கடற்கரைச் சாலையில் இருந்த மேரி எனப்படும் பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது. பழைய தோற்றம் இன்னதென்று அறிந்தாலன்றி இத்தகைய பணி நடவாது.

கரையும் அவ்வாறே. இக்கடலோரத்தில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்திற்கென அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. மணலின் போக்குத் தடைப்பட்டது. நகரின் கரை கரைந்து கருங்கல் குவியலாயிற்று. 2018-இல் கடலுக்கடியில் எஃகுத் தடுப்பு ஒன்று அமைத்தபின் ஒரு பகுதியில் மணல் திரும்பியது. ஒரே இடத்திலிருந்து ஆண்டுதோறும் ஒரு படம் எடுத்து வைத்தால், இவ்வரலாற்றைச் சொற்களின்றியே விளக்கலாம்.

ஆனால், வருவோர் பலர் வாய்க்காலின் கிழக்கே மஞ்சள் சுவர்களின் முன் நின்று படமெடுத்துத் திரும்புகின்றனர். மேற்கே திண்ணை வீடுகள் ஒவ்வொன்றாக மறைந்து அடுக்குக் கட்டடங்கள் எழுகின்றன. வைசியாள் தெருவில் அரும்பாடுபட்டு வீடுகளைப் புதுப்பித்தனர். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது அதற்குக் கிடைத்தது. எல்லாத் தெருவுக்கும் அந்நற்பேறு வாய்க்குமா? மாணவரின் இரண்டாம் நாள் முழுவதும் மேற்கே செல்லட்டும்.

அங்கே வீடுகளில் மக்கள் வாழ்கின்றனர் என்பதை மறத்தலாகாது. திண்ணையில் இருக்கும் பெரியவரிடம் முதலில் வணக்கம் சொல்லி, "ஐயா, படம் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேளுங்கள். வேண்டாமென்றால் நகர்ந்துவிடுங்கள். இசைந்தால், அத்தூண் எந்த மரம், அவ்வோடு எப்போது மாற்றியது என்று கேளுங்கள். விசாரணை அங்கேதான் தொடங்குகிறது.

முடிவுரை

தனியே செல்க, மெல்ல நடக்க, காத்திருக்க, கேட்க, குறிக்க. இவ்வைந்தும் அமைந்தால் இரண்டு நாள் உலா ஒரு கல்வியாகும். இன்று நாம் எடுக்கும் ஒரு தாழ்வாரத்தின் படம், நாளை அவ்வீட்டை மீண்டும் எழுப்ப நினைக்கும் ஒருவருக்கு ஒரே சான்றாக அமையவும் கூடும்.