கைதட்டல் எப்போது?

கேள்வி: பியானோ கச்சேரியில் ஒரு பகுதி முடிந்ததும் கைதட்டினால் பக்கத்தில் இருப்பவர்கள் முறைக்கிறார்களே, ஏன்?
– வாசகர், மார்க்கம்

பதில்: சொனாட்டா என்னும் இசைவடிவம் பெரும்பாலும் மூன்று, நான்கு பகுதிகள் கொண்டது, அத்தனையும் சேர்ந்துதான் ஒரு படைப்பு. நடுவே மௌனம் காக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து மெல்ல வேரூன்றியது. அதற்கு முன், 1840களில், பெர்லின் ரசிகர்கள் பியானோ கலைஞர் பிரான்ஸ் லிஸ்ட்டின் கைக்குட்டைக்கும் கையுறைக்கும் அடித்துக்கொண்டார்கள். டொராண்டோவில் பிறந்த பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் மறுகோடிக்கே போனார்: கைதட்டலைத் தடைசெய்ய வேண்டும் என்று 1962இல் கட்டுரை எழுதினார், 1964இல், 31 வயதில், மேடையையே விட்டு ஒலிப்பதிவுக்கூடத்துக்குள் போய்விட்டார். தனி ஆவர்த்தனம் முடிந்ததும் கச்சேரியின் நடுவிலேயே கைதட்டிப் பழகிய தமிழ் ரசிகருக்கு இந்த மௌனம் விறைப்பாகத் தோன்றுவது இயல்பே. ஆனாலும் மெல்லிய ஒலி அடங்கும் கணத்தைக் கைதட்டல் விழுங்கிவிடும். வாசிப்பவர் கையை எடுத்து எழுந்த பிறகு தாராளமாகத் தட்டலாம்.