இரண்டு சீட்டும் சேரும் இடம்

மருந்துக் கடையில் கனிவு என்றால் சிரித்த முகம், கடனுக்குக் கொடுக்கும் மனசு, வயதானவருக்கு இழுத்துப் போடும் நாற்காலி என்றே பேசிப் பழகிவிட்டோம். அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கேரள-தமிழ்நாட்டு எல்லைக் கிராமங்களில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்குக் கற்றுத் தந்தது இதுதான்: கேள்வி கேட்கிற மருந்தாளுநரே கனிவானவர். ஒன்றோடொன்று சேரக் கூடாத இரண்டு மாத்திரைகளைச் சிரித்த முகத்தோடேயும் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடலாம். "வேறு என்ன குளிகை போடுதிய?" என்று கேட்டவர் அப்படிக் கொடுத்துவிட மாட்டார். எந்த ஊருக்கும் வேண்டிய கேள்விதான். இந்த எல்லையிலோ அதைக் கேட்பதற்கு வேறு ஆளே இல்லை.

இந்த எல்லை வந்தது 1956 நவம்பர் 1-ஆம் தேதி. அன்று விளவங்கோடு தாலுகா அன்றைய சென்னை மாநிலத்துக்குப் போனது. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. சொந்தபந்தம் எல்லைக்கு இரண்டு பக்கமும் இருப்பதுபோல வைத்தியமும் இரண்டு பக்கமும்தான் நடக்கிறது. நெஞ்சுவலிக்குத் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ், மூட்டுவலிக்கு மார்த்தாண்டத்து டாக்டர், வேறொன்றுக்கு நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி என்று ஒரே ஆள் போய் வருவது இங்கே சாதாரணம். ஒவ்வோர் இடத்திலும் ஒரு ஃபைல் இருக்கும். ஒரு ஃபைலில் இருப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. பிரஷருக்கும் நீர் பிரிவதற்கும் மாத்திரை எழுதியவருக்கு, மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் எழுதப்பட்டது தெரியாது. பிரஷர் மாத்திரைகளில் சில வகைகளோடு மற்ற இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகம் அடிவாங்கலாம் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. கிளைகோமெட், கிளைசிஃபேஜ் இரண்டும் வேறு வேறு பெயர். உள்ளே இருப்பது சர்க்கரைக்கான ஒரே மெட்ஃபார்மின். இரண்டு சீட்டுகளையும் நம்பி இரண்டையும் விழுங்குகிறவர் மேல் என்ன தப்பு? அந்தச் சீட்டுகள் கடைசியில் சேருமிடம் வீட்டுக்குப் பக்கத்து மருந்துக் கடைதான்.

கேட்பதிலும் ஒரு முறை உண்டு. "மருந்தெல்லாம் சரியா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். "பாட்டா, இந்தக் குளிகைய எப்ப போடுவிய, அதுக்கப்புறம் எப்ப சாப்பிடுவிய?" என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும். இது ரப்பர் விளையும் பூமி. பால் வெட்டப் போகிறவர் விடியும் முன்பே எழுந்துவிடுவார். காலைச் சாப்பாடு வேலை முடிந்து திரும்பிய பிறகுதான். "காலை உணவுக்கு முன்" என்று சீட்டில் இருக்கும் சர்க்கரை மாத்திரையான கிளிமிபிரைடை எழுந்தவுடன் போட்டுக்கொண்டு மரம் மரமாக நடந்தால், தோட்டத்திலேயே சர்க்கரை இறங்கி மயங்கி விழலாம். டாக்டர் எழுதியது சரி, நோயாளி செய்ததும் சீட்டில் உள்ளபடிதான். இடையில் இருக்கும் அந்தச் சில மணி நேரத்தைப் பற்றித்தான் யாரும் கேட்கவில்லை. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி கேரளத்தில் வயதுவந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஆகவே இது அபூர்வமான ஆபத்து என்று ஒதுக்க முடியாது. இதைவிடப் பயங்கரமானது மெத்தோட்ரெக்ஸேட். முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு நாள் மட்டும் போட வேண்டியதைத் தினமும் போட்டு உயிர்விட்டவர்கள் உலகெங்கும் உண்டு. அந்த மாத்திரையைக் கொடுக்கும்போது எந்தக் கிழமை என்பதை நோயாளியின் வாயாலேயே சொல்லவைத்து, அதை அட்டையின் மேல் அவருக்கு வாசிக்கத் தெரிந்த எழுத்தில், தமிழோ மலையாளமோ, எழுதிக் கொடுக்க வேண்டும். தினமும் போடும் மற்ற மாத்திரைகளில், எந்த எழுத்தும் வாசிக்கத் தெரியாதவருக்குக் காலை, இரவைக் காட்டச் சூரியனும் பிறையும் வரைந்தால் போதும்.

இதற்கெல்லாம் நேரம் ஏது, காசு யார் தருவார் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மாத்திரை விற்றால்தான் வருமானம், பேசினால் ஒன்றுமில்லை என்ற ஏற்பாட்டில் பேச்சு குறையத்தான் செய்யும். இங்கிலாந்தில் 2011 முதல், புது மருந்து தொடங்கும் நோயாளியோடு உட்கார்ந்து பேசுவதற்கென்றே மருந்தாளுநருக்கு அரசு பணம் கொடுக்கிறது. அமெரிக்காவின் ஆஷ்வில் நகரில் 1990-களின் பிற்பகுதியில் தொடங்கிய திட்டத்தில், மருந்தாளுநர்கள் தொடர்ந்து பேசிவந்த நகராட்சி ஊழியர்களின் சர்க்கரை அளவு மேம்பட்டது, மொத்த வைத்தியச் செலவும் குறைந்தது. நம் நாட்டில் 2015-இன் மருந்தகப் பணி விதிமுறைகள் நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை மருந்தாளுநரின் கடமையாக்கின. கூலியைப் பற்றி யோசிக்கவில்லை. ஆனாலும் எல்லாரிடமும் கால் மணி நேரம் பேச வேண்டியதில்லை. புது மருந்து தொடங்குகிறவர், இரண்டு சீட்டு வைத்திருக்கிறவர், இன்சுலின் வாங்குகிறவர் ஆகிய மூவரிடம் நின்று பேசினாலே ஆபத்தின் பெரும்பகுதி பிடிபடும். மருந்தாளுநர் டாக்டராகிவிடுகிறார் என்ற குற்றச்சாட்டும் பொருந்தாது. சந்தேகம் வந்தால் மருந்தை மாற்றுவது அவர் வேலையில்லை. எழுதிய டாக்டருக்குப் போன் செய்வதுதான் வேலை. விலை குறைந்த ஜெனரிக் இருந்தாலும் டாக்டர் சம்மதிக்காமல் மாற்றிக் கொடுக்கச் சட்டம் இடம் தராது. காருண்யா, ஜன் ஔஷதி, எல்லைக்கு அந்தப் பக்கம் 2025-இல் வந்த முதல்வர் மருந்தகம் போன்ற மலிவு விலை மருந்துக் கடைகளுக்கு வழி காட்டலாம், அடுத்த முறை மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரும்படி டாக்டரிடம் கேட்கச் சொல்லலாம்.

எனக்கே கடினமாகத் தோன்றும் மறுப்பு வேறு. ஒரு நாள் கூலியை இழந்தால்தான் டாக்டரைப் பார்க்க முடியும் என்ற நிலையில் இருக்கும் ஒரு தாய், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆன்டிபயாடிக் கேட்கிறாள். இல்லை என்பதா கனிவு? 2024-இல் கேரளம் ஆபரேஷன் அம்ரித் என்ற பெயரில் சீட்டில்லாத ஆன்டிபயாடிக் விற்பனையைப் பிடிக்கத் தொடங்கியது. ஆன்டிபயாடிக்கை நீல உறையில் கொடுக்கும் ஏற்பாடும் வந்தது. ஒரு கடை மறுத்தால் இன்னொரு கடையில், எல்லை தாண்டியாவது, கிடைத்துவிடும் என்பதை மறுக்க முடியாது. இருந்தும் நான் மறுப்பின் பக்கம்தான். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. இன்று வீணாக்கிய மருந்து, அதே பிள்ளைக்கு நிஜமாகவே வேண்டிவரும் நாளில் கேட்காமல் போகலாம். ஆனால் வெறும் "இல்லை" கடுமையாகத்தான் படும். குடும்பாரோக்கிய மையத்தில் மாலை ஆறு வரை ஓ.பி. உண்டு, இ-சஞ்சீவனி இணையச் சேவையில் காசில்லாமல் டாக்டரிடம் பேசலாம், மூச்சு வாங்கினாலோ பால் குடிக்க மறுத்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லும் கடை, ஒரு விற்பனையை இழந்தாலும் அவளைக் கைவிடவில்லை.

மருந்து வாங்குகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கடைக்கு வரும்போது, இரண்டு மாநிலத்துச் சீட்டுகளையும் வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும், கஷாயம், லேகியம் உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்து வாருங்கள். கடைக்காரர் கேட்காவிட்டாலும் கவுண்டரில் வைத்து, "இதெல்லாம் சேர்த்துச் சாப்பிடலாமா?" என்று நீங்களே கேளுங்கள். பதில் சொல்ல நேரமில்லை என்று சொல்லும் கடையை மாற்றிவிடுங்கள்.